குழியை மிதிப்பவர்கள்

பசுந்தீவனத்தை ஈரத்தோடு நறுக்கி, காற்றில்லாமல் அழுத்தி மூடிப் புளிக்க வைத்தால் கிடைப்பது சைலேஜ். ஊறுகாய்ப் புல் என்றும் சொல்வார்கள். பெயர் நன்றாக இருக்கிறது, பொருத்தம் பாதிதான். மாங்காயைக் காப்பது உப்பும் எண்ணெயும். குழிக்குள் நடப்பதோ இட்லி மாவின் வேலை. இரண்டிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. மாவுக்கு ஓர் இரவு போதும், குழிக்கு 30 முதல் 45 நாள் வேண்டும். அமிலநிலை பிஎச் 4-ஐ ஒட்டி இறங்கியதும் கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும். புளிக்க வைத்தவையும் ஓய்ந்துவிடும். அதன்பின் குழியைத் திறக்காத வரை தீவனம் ஓராண்டுக்கு மேலும் கெடாமல் கிடக்கும்.

பல்லடம், பொங்கலூர் பக்கத்துத் தோட்டங்களில் ஐப்பசி, கார்த்திகையில் பசுந்தீவனம் மிஞ்சும். சித்திரையில் சோளத்தட்டுப் போரை விட்டால் வேறு கதியில்லை. சோளத்தட்டு மெல்லியது, வெயிலில் காய்ந்து போருக்கு ஏறிவிடும். மக்காச்சோளத் தண்டு தடித்தது. அது காய்வதற்குள் தோகை நொறுங்கி உதிரும், நடுவில் ஒரு மழை பெய்தால் பூசணமும் பிடிக்கும். அதைப் பச்சையாகவே காப்பதற்குத்தான் குழி.

எப்போது வெட்டுவது என்பதைக் கட்டைவிரல் நகம் சொல்லும். கதிரின் மணியை நகத்தால் கீறினால் பால் பீய்ச்சினால் இன்னும் பொறுக்க வேண்டும். பிசைந்த மாவு போல வந்தால் அரிவாளை எடுக்கலாம். அப்போது பயிரில் ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும். நறுக்கிய தீவனத்தில் ஒரு பிடி அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் உருண்டை மெல்ல நெகிழ வேண்டும், உள்ளங்கை ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். சட்டென்று பிரிந்து உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, எவ்வளவு மிதித்தாலும் அமராது. கம்பு நேப்பியரில் ஈரம் கூடுதல், சர்க்கரை குறைவு. அதனால் வெட்டி அரை நாள் வாட விட்டு, டன்னுக்கு 10 முதல் 20 கிலோ வெல்லம் கரைத்துத் தெளிக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு வெல்லம் தேவையில்லை. பழக்கத்துக்காகப் போடுகிறவர்கள் உண்டு, அது வீண் செலவு.

குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனங்கள் எளிதில் புளிக்காது. பின்லாந்தின் வேதியியலாளர் விர்த்தானென், நீர்த்த அமிலத்தையே தீவனத்தில் ஊற்றிக் காக்கும் முறையைக் கண்டறிந்தார். அவருக்கு 1945-இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் தோட்டங்களில் அமிலம் வேண்டாம். மக்காச்சோளத்தோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும்.

குழியின் அளவை மாடுகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலோர் இடத்தைப் பார்த்து வெட்டுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 5 மாட்டுக்குத் தலைக்கு 15 கிலோ என்றால் நாளுக்கு 75 கிலோ, 60 நாளுக்கு நாலரை டன். 4 அடி அகலம், 4 அடி ஆழம், 20 அடி நீளமுள்ள குழி அதைக் கொள்ளும். ஒரு முனையிலிருந்து தினம் 4 அங்குலம் வெட்டி எடுத்தால் கணக்கு சரியாக முடியும். அதே கொள்ளளவை அகலமாக வெட்டினால் திறந்த முகம் பெரிதாகிவிடும். ஒரு நாளில் எடுப்பது மேலோட்டமாகச் சுரண்டிய அளவே இருக்கும், மீதி காற்றுப்பட்டுச் சூடேறும். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் குழியே வேண்டாம், தடித்த பிளாஸ்டிக் பை போதும்.

குழி நிரப்பும் நாளில் விடியும் முன்பே வெட்டு ஆள்கள் காட்டில் இறங்கிவிடுவார்கள். தட்டு வெட்டும் மெஷினுக்கு முன் நிற்பவர் யாரோடும் பேசுவதில்லை. உருளை தண்டை இழுக்கும் வேகத்தில் கையை விடுவிக்கத் தவறினால் விரல் போய்விடும். முந்தானையும் துண்டும் இடுப்பில் இறுகச் செருகப்பட்டிருக்கும். துண்டுகள் 2 செ.மீ. அளவில் விழ வேண்டும். நீளமாக விழுந்தால் இடையில் காற்று தங்கும்.

மெஷினைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், ஆனால் தீவனத்தின் தலைவிதி குழிக்குள் இருக்கிறது. அரை அடி உயரத்துக்குக் கொட்டியதும் மிதிப்பவர்கள் இறங்குகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். பாதம் முழுவதையும் பரப்பி நடந்தால் அழுத்தம் சிதறும். பழகியவர்கள் குதிகாலை ஊன்றி, ஒருவர் தடத்தை அடுத்தவர் மிதித்துப் போகிறார்கள். நடுவில் நடப்பது எளிது, சுவரோரம் கடினம். காற்று தங்குவதும் பூசணம் பிடிப்பதும் அந்த ஓரத்தில்தான். அதனால் மேஸ்திரியின் வாயில் திரும்பத் திரும்ப வருவது ‘ஓரத்துக்குப் போங்க’ என்பதுதான். விரலைக் குத்தினால் நுழையாத அளவு இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. மாலைக்குள் வெட்டுத் தண்டின் முனைகள் கணுக்காலைக் கீறியிருக்கும், தோகையின் சுணை அரிக்கும். தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மை உருட்டுவதும் உண்டு, ஆனால் மூலைக்கு டிரம் போகாது, கால்தான் போக வேண்டும்.

வேலையை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. வெட்டிய பயிர் காற்றிருக்கும் வரை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பாதியில் நிறுத்திய குழிக்குள் காலையில் கையை விட்டால் வெந்நீர்ப் பானை போலச் சுடும். எரிவது புளிப்பதற்கென இருந்த சர்க்கரை. நிரம்பியதும் தரைக்கு மேல் குவித்து, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மண்ணோ மண்மூட்டையோ ஏற்றுகிறார்கள். முதல் சில நாட்களில் நச்சுவாயு தங்கும். ஆழமான குழியாக இருந்தால் உள்ளே இறங்கவே கூடாது.

திறக்கும் நாளில் முதல் சாட்சி மூக்கு. நீராகாரம் போன்ற இதமான புளிப்பு வந்தால் நல்லது, நிறமும் மங்கிய மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் வந்தால் ஈரம் கூடியிருக்கிறது. புகையிலை நிறமும் வாடையும் இருந்தால் சூடேறிவிட்டது. பூசணம் பிடித்ததைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். பழகாத மாடு இரண்டு மூன்று நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 5 கிலோவில் தொடங்கி, வழக்கமான தீவனத்தோடு கலந்து கூட்டினால் பிறகு அதுவே தேடும். கறவைக்கு முன் போட்டால் பாலில் வாடை ஏறும். கறந்த பிறகே போடுகிறார்கள்.

நல்ல குழியும் தீவனத்தின் சத்தைக் கூட்டுவதில்லை, இருந்ததை அதிகம் இழக்காமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். மக்காச்சோள சைலேஜில் புரதம் உலர்நிலையில் 7, 8 சதவீதமே, வைக்கோலில் அதில் பாதி. அடர்தீவனச் செலவு முழுதாக நின்றுவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

குழி காலியானால் அடியில் சாறு ஊறிய சில அங்குலம் எருக்குழிக்குப் போகும். தாளைக் கழுவிக் காயவைத்து, எலி கடிக்காத இடத்தில் தொங்க விடுகிறார்கள். ஊசித் துளை விழுந்திருந்தாலும் அது அடுத்த குழிக்கு உதவாது.