பாட்டனாரின் பட்டுத்துண்டு

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் தெரியும் தெருவொன்றில் எங்கள் வீடு உள்ளது. கூடத்தில் பாட்டனாரின் தறி இன்றும் நிற்கிறது. அவர் அத்தறியில் அமர்ந்து நெய்யும் கோலத்தை 1948-ஆம் ஆண்டில் ஒருவர் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். அத்தகடும், பாட்டனார் கடைசியாக நெய்த வெண்பட்டில் எஞ்சிய ஒரு முழத் துண்டும் எங்கள் மரப்பெட்டியில் இருந்தன. அவர் உருவத்தை அவர் நெய்த துணியிலேயே பதித்துவிட வேண்டும் என்னும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

அதற்கு நான் மேற்கொண்ட முறை மிகப் பழையது; 1842-இல் ஆங்கில நாட்டு அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் கண்டது. பெரிக் அம்மோனியம் சிட்ரேட்டு, பொட்டாசியம் பெரிசயனைடு என்னும் இரண்டு உப்புக்களின் கரைசல்களைக் கலந்து, மங்கிய ஒளியில் பூசி உலர்த்த வேண்டும். பிறகு தகட்டை மேலே பொருத்தி வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடம் நீலமாகும். படாத இடத்து உப்பு தண்ணீரோடு கழிந்துவிடும். பொறியாளர்கள் கட்டட வரைபடங்களை நெடுங்காலம் இம்முறையில்தான் படியெடுத்தனர். இதற்கு வெள்ளியுப்பு வேண்டா. முழு இருட்டறையும் வேண்டா. காஞ்சியில் வெயிலுக்கோ பஞ்சமில்லை! பதிக்கும் தளம் மட்டும் தக்கதாய் அமைய வேண்டும். அங்கேதான் நான் இடறினேன்.

இருப்பதோ ஒரே துண்டு. ஆகவே, முதலில் தடித்த ஓவியத் தாளொன்றில் பதித்தேன். படம் அழகாய்த்தான் வந்தது; ஆனால், சில நாள்களில் வெளிறத் தொடங்கிற்று. தாள் பழுக்காதிருக்கச் சுண்ணச் சத்துச் சேர்ப்பதுண்டு. இந்நீலத்திற்கோ காரம் பெரும்பகை. தாளுக்கு நலம் செய்தது படத்துக்குத் தீங்காயிற்று. அடுத்துக் காடாத் துணியை எடுத்தேன். அதில் ஏறியிருந்த கஞ்சியோடு நீலமும் கழன்றது. வெந்நீரில் கஞ்சியைப் போக்கிய பின்னரே துணி நீலத்தைப் பற்றிற்று.

பின்பு புதிய வெண்பட்டுத் துண்டொன்றில் முயன்றேன். படம் நீலமாய் நில்லாமல் துரு நிறமாய் மங்கியது. என் தந்தையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கோராப் பட்டின் பசை போகச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைப்பார்களே! அலசியது போதவில்லையப்பா” என்றார்.

நான் நூல்களில் தேடிய விடை அவர் விரல் நுனியில் இருந்தது. அடுத்த துண்டைப் பலமுறை அலசி, காடி சிறிது கலந்த நீரில் தோய்த்து உலர்த்திப் பதித்தேன். நீலம் ஆழ்ந்து நின்றது. இரண்டு திங்கள் காத்திருந்தேன்; அது மாறவில்லை.

அதன் பிறகே பாட்டனாரின் துண்டைத் தொட்டேன். அதன் கரையில் மெல்லிய சரிகை ஓடிற்று. பெரிசயனைடு வெள்ளியைத் தாக்கும் ஆதலின், கரையோரம் இரண்டு விரல் அகலம் பூசாது விட்டேன். மாடியில் கால் மணி நேரம் வெயில் காட்டினேன். அக்கால் மணியில் நான் எத்தனை முறை வானத்தைப் பார்த்தேனோ, அறியேன்! நீரில் இட்டதும் மஞ்சள் கரைந்தோட, முதலில் தறிமரம் தெரிந்தது, பின்பு கை, பின்பு முகம்.

நிழலில் உலர்ந்த அத்துண்டைத் தந்தையார் தறியருகே கொண்டு சென்றார். படத்தில் பாட்டனாரின் கை ஊன்றியிருந்த இடத்தையும், தறியில் அதே இடத்தில் தேய்ந்து பளபளத்த மரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.