முதல் புத்தகமும் 29சி பஸ்ஸும்

பாஸ், நோட்டோட கடைசிப் பக்கத்துல கவிதை எழுதுற பழக்கம் இருக்கா? அப்ப இந்த ரூட் உங்களுக்குத்தான். தி.நகர், மயிலாப்பூர், பெசன்ட் நகர். காலேஜ் லீவு விட்ட ஒரு வாரநாளா பார்த்துக் கிளம்புங்க. பஸ் காசும் தண்ணி பாட்டிலும் போதும்.

நான் போன அன்னிக்கு என் பையில கூடுதலா ஒண்ணு இருந்துச்சு. என்னோட முதல் புத்தகம்!

தி.நகர்

ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க முண்டியடிக்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, இதே ஏரியாதான் தமிழ்ப் புத்தகங்களின் பிரசவ வார்டு என்று. தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம், தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம், கண்ணதாசன் சாலையில் கண்ணதாசன் பதிப்பகம்... பெரிய பெயர்கள். நம்ம புத்தகம் வந்தது ஒரு மாடிப்படிக்குப் பக்கத்து ரூமிலிருந்து. பழுப்புக் காகிதம் சுற்றிய பார்சல். சணல் கயிறை அவிழ்க்கும்போது எனக்கு செமஸ்டர் ரிசல்ட் பார்க்கிற நடுக்கம்.

கையில எடுத்ததும் முதல்ல என்ன பண்ணேன்னு நினைக்கிறீங்க? மோந்து பார்த்தேன்! மையும் பசையும் கலந்த அந்த வாசனைக்கு எந்த சென்ட்டும் ஈடாகாது. அப்புறம் அட்டையில் என் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். அழியலை. நிஜம்தான்.

அப்படியே 17-ம் பக்கம் திருப்பினா, 'மழையில் நனைந்தேன்' என்பது 'மலையில் நனைந்தேன்' ஆகியிருந்தது. யாரைத் திட்டுறது? புரூஃப் பார்த்ததே நான்தான்.

சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள கணக்கு எழுதும் அண்ணன் கேட்டார்: "தம்பி, 300 காப்பி போட்டிருக்கு. யார் வாங்குவாங்க?"

பதில் இல்லை. மயிலாப்பூர் பஸ் ஏறினேன்.

மயிலாப்பூர்

லஸ் நடைபாதையில் பழைய புத்தகக் குவியல். கிளறினேன். ஒல்லியான ஒரு கவிதைத் தொகுப்பு. முதல் பக்கத்தில் நீல மையில், "என் முதல் நூல், அன்புடன்" என்று கையெழுத்து. யாருக்கோ ஆசையா கொடுத்தது, 20 ரூபாய்க்கு நடைபாதையில் கிடக்குது. வயித்தைப் பிசைஞ்சது பாஸ். என் 300-ம் ஒருநாள் இங்கேதான் வருமோ? பேரம் பேசாம வாங்கிட்டேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சமஸ்கிருதக் கல்லூரி. 1906-ல் அதைத் தொடங்கியவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். மயிலாப்பூர் வக்கீல், காங்கிரஸில் மிதவாதி. அந்தக் காலத்தில் தீவிரவாதி அணியில் நின்று மிதவாதிகளைப் பத்திரிகையில் வறுத்தெடுத்துக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் சுப்பிரமணிய பாரதி.

1907-ல் ஜி.ஏ.நடேசன் இந்த இளைஞரை ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனார். பாரதி பாடினார். கேட்டு உருகிப்போன ஐயர், தன் சொந்தச் செலவில் மூன்று பாடல்களை 'ஸ்வதேச கீதங்கள்' என்ற நாலு பக்க வெளியீடாக அச்சடித்தார். 15,000 பிரதிகள். எல்லாமே இலவசம்! அப்போ பாரதிக்கு 25 வயசுகூட நிரம்பலை. அடுத்த வருஷமே, 1908-ல், அதே பெயரில் அவருடைய முதல் கவிதைப் புத்தகம் வந்தது. அதை நிவேதிதைக்குக் காணிக்கை ஆக்கினார்.

யோசிச்சுப் பாருங்க. கொள்கையில் எதிரெதிர் அணி. ஆனா பாட்டு நல்லா இருக்கேன்னு காசு போட்டவர் அந்த எதிரணிக்காரர்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1920-ல் பாரதி தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடத் திட்டமிட்டார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி வீடு வீடாகப் போகணும்னு ஆசை. அச்சிடப் பணம் கேட்டு எழுதினார், பணம் சேரலை. 1921-ல் போய்ச் சேர்ந்துட்டார். நாம இன்னிக்குப் படிக்கிற பாரதியில் பெரும்பகுதி, அவர் புத்தகமாகக் கையில் ஏந்திப் பார்க்காதது.

எனக்கு 300 பிரதி கையில் இருக்கு. அதுக்கு மேல புலம்ப வாய் வருமா?

பெசன்ட் நகர்

லஸ்ஸில் 29சி பிடிச்சு, அடையாறு தாண்டி பெசன்ட் நகர். கலாக்ஷேத்ரா காலனிப் பக்கம் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கு. அவர் மறைந்த மறுவருஷம், 1943-ல் ருக்மிணி தேவி தொடங்கியது. அவர் தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகள் இங்கேதான்.

1880 அக்டோபரில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான அவர், சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ்னு பெரிய லிஸ்ட்டே அடுக்கினார். அவர் அசரலை. "சீவக சிந்தாமணி படிச்சதுண்டா?" என்றார். படித்ததில்லை. வைவாவில் அவுட் ஆன நம்மை மாதிரி அவருக்கும் சுருக்குன்னு இருந்திருக்கும். ஆனா அங்கேயே உட்கார்ந்துடலை. ஊர் ஊராகச் சுவடி தேடினார். புரியாத இடங்களைச் சமணர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். காலேஜ் லீவில் சென்னைக்கு வந்து அச்சுக்கூடத்தில் புரூஃப் திருத்தினார். 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. ஏழு வருஷம்! அதுக்கு முன்னாடி சின்ன நூல்கள் பதிப்பித்திருந்தாலும், அவரை உலகத்துக்குக் காட்டிய முதல் பெரிய புத்தகம் அதுதான்.

சாயங்காலம் எலியட்ஸ் பீச் மணலில் உட்கார்ந்து அந்த 20 ரூபாய்ப் புத்தகத்தைப் பிரிச்சேன். பாதி சுமார். ஆனா பாட்டியைப் பற்றி ஒரு கவிதை இருந்துச்சு பாருங்க, மூணு தடவை படிச்சேன். எழுதினவர் இப்போ எங்கே இருக்காரோ. நடைபாதையில் கிடந்த அவர் புத்தகத்துக்கு இன்னிக்கு ஒரு வாசகன் கிடைச்சுட்டான். காலையில் அண்ணன் கேட்ட கேள்விக்கு பதிலும் கிடைச்சுது. யார் வாங்குவாங்கன்னு எழுதினவனுக்குத் தெரியாது. ஆனா யாரோ ஒருத்தர் வருவார்.

ராத்திரி வீட்டுக்குப் போய் முதல் காப்பியை அம்மாகிட்ட கொடுத்தேன். புரட்டிப் பார்த்துட்டு, "17-ம் பக்கத்துல தப்பு இருக்குடா" என்றார். வாசகர் நம்பர் ஒண்ணு!

அதனால பாஸ், அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. யார்கிட்டயாவது வாசிச்சுக் காட்டுங்க. ஃப்ரெண்டா இருக்கணும்னுகூட இல்லை, கேன்டீன்ல உங்களோட தினமும் மல்லுக்கு நிக்கிறவனா இருந்தாலும் சரி. உங்க கிருஷ்ணசாமி ஐயர் அவனாகவே இருக்கலாம்!