மார்புக்குள் ஒரு வெற்றிடம்

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் இடப்பக்க நுரையீரலை முழுமையாக அகற்றினார். நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் பிழைத்தார், ஆயினும் நுரையீரல் இருந்த இடத்தில் சீழ் பிடித்தது. விலா எலும்புகளை எடுத்து, மார்புச் சுவரை உள்ளே சரியவிடுவதே அந்நாளில் அறிந்திருந்த வழி. அத்துன்பத்தையும் தாங்கி, அவர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். அறுவை செய்த கிரஹாமோ நெடுங்காலம் சிகரெட் புகைத்தவர். 1957இல் நுரையீரற் புற்றுக்கே இரையானார்.

நுரையீரலை அகற்றிய இடம் வெறுமையாகவே இருந்துவிடுவதில்லை. முதலில் அங்குக் காற்று நிற்கும். பின்னர் வாரக்கணக்கில் நீர் ஊறும். உதரவிதானம் மேலெழும், இதயம் அப்பக்கம் நகரும். அந்நீரில் கிருமி புகுந்தால் வருவதே இடர். குருதியோட்டம் இல்லாத குட்டை அது. நாளத்தின் வழி ஏற்றும் மருந்து அங்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. "மருந்துதான் ஏறுகிறதே, காய்ச்சல் ஏன் தணியவில்லை?" என்று உறவினர் கலங்குவது இதனாலேதான்.

1963இல் கிளாகெட், ஜெராசி என்னும் இருவர், சீழறையைத் திறந்து தூய்மையாக்கி, மருந்து நீரால் நிரப்பி மூடும் முறையை வெளியிட்டனர். அதுவும் அறுவையே. ஆனால் அதன் உட்கருத்தை, மீண்டும் மார்பைத் திறவாமலே நிறைவேற்ற இயலும் நோயாளிகளும் உளர். வெட்டிய மூச்சுக்குழாயின் முனை நன்கு மூடியிருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அதனை உள்நோக்குக் கருவியால் பார்த்தறிவர். மூடியிருப்பின், விலா இடுக்கில் ஒரு குழாயைச் செருகிச் சீழை வடிப்பர். எக்கிருமி என்று சோதித்து, அதற்குரிய மருந்தை உப்புநீரில் கலந்து உட்செலுத்தி வெளியேற்றுவர். நாள்கள் வாரங்களாகும். வடியும் நீரில் கிருமி இல்லையென்று சோதனைகள் காட்டிய பின்னரே, மருந்து நீரை உள்ளே நிறுத்திக் குழாயை எடுப்பர். அவசரப்பட்டுக் குழாயைக் கடுமையாக உறிஞ்சவிட்டால், இதயமே வெற்றிடத்தை நோக்கி இழுபடும்.

முனையில் ஓட்டை இருந்தாலோ, பெரும்பாலும் கத்தியைத் தவிர்க்க இயலாது. அந்நிலையில் நோயாளியைக் கிடத்தும் முறையிலும் உயிர் இருக்கிறது. அறுத்த பக்கம் கீழே இருக்கவேண்டும். புண்ணுள்ள பக்கம் நோகுமே என்று பரிந்து, நல்ல பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்கும் கை அன்புள்ள கைதான். ஆனால் அந்தத் திருப்பத்தில், சீழ் ஓட்டை வழியே இறங்கி, எஞ்சியிருக்கும் ஒரே நுரையீரலை மூழ்கடித்துவிடும்.