வியாஸ்காந்தும் என்ர சிநேகிதனும்

கனடாவில இருக்கிற சின்னம்மாவின்ர மகன் போன மார்கழி விடுமுறைக்கு கொழும்புத்துறைக்கு வந்து மூண்டு கிழமை நிண்டான். அங்க பள்ளிக்கூடத்தில அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுறவன். எங்களுக்குத் தெரிந்த ஃபுட்போல் இல்லை, முட்டை மாதிரிப் பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறது. தம்பி அதில லைன்பேக்கராம். தடுக்கிற வரிசைக்குப் பின்னால நிண்டு, எதிர்ப்பக்கம் பந்தை எறியப்போகுதோ ஓடப்போகுதோ எண்டு அந்த ஒரு கணத்தில கணித்து, போய் ஆளை விழுத்தவேணும். போனில நாலைஞ்சு வீடியோ காட்டினான். கோல் அடிக்கிற வேலை இல்லை, ஆனா அவன் பிழைவிட்டா எல்லாம் போச்சு.

"இதை வைச்சு ஒரு அமெரிக்க யூனிவர்சிற்றியில ஸ்கொலர்ஷிப் எடுக்கப் பார்க்கிறன் அண்ணா" எண்டான்.

"அதுக்குப் பிறகு?"

"பிறகு அநேகமா ஒண்டுமில்லை" எண்டு சிரிச்சான். அங்க பல்கலைக்கழக அணிகளில ஆடுறவங்களில நூற்றுக்கு ரெண்டு பேர்கூட தொழில்முறை லீக்குக்குப் போறதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஆடுறாங்கள். ஸ்கொலர்ஷிப் கிடைச்சவனுக்கு கையில ஒரு பட்டமாவது மிஞ்சும்.

"இங்க பள்ளிக்கூடத்தில நல்லா விளையாடுற ஆக்கள் பிறகு என்ன செய்வினம்?" எண்டு அவன் கேட்டான். நான் வாய் திறக்க முதலே மாமா சொல்லிவிட்டார்: "எங்கட வியாஸ்காந்த் இருக்கிறான்தானே!"

யாழ்ப்பாணத்தில இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இதுதான் பதில். பிழையான பதில் எண்டும் சொல்ல ஏலாது. விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ் மத்திய கல்லூரியின்ர பழைய மாணவன், லெக் ஸ்பின்னர். 1904இல் தொடங்கின மத்திய கல்லூரி - சென்ற் ஜோன்ஸ் பிக் மட்ச்சில ஆடி வளர்ந்தவன். 2020 மார்கழியில, தன்ர 19ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், லங்கா பிரீமியர் லீக்கில யாழ்ப்பாண அணிக்காக முதன்முதலா இறங்கி அஞ்சலோ மத்யூசின்ர விக்கெட்டை எடுத்தான். அண்டைக்கு எங்கட ஒழுங்கையில வெடி கொளுத்தினவை. அந்த வருசம் யாழ்ப்பாணம் கிண்ணத்தையும் வென்றது. (யாழ்ப்பாணத்தின்ர பேரில ஆடின அணி எல்லா மட்ச்சையும் ஹம்பாந்தோட்டையிலதான் ஆடினது. அதைப் பற்றி ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை.) பிறகு பங்களாதேஷ் லீக், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில இலங்கை அணி, 2024இல் ஹசரங்கவுக்குப் பதிலா சன்ரைசர்ஸ் ஹைதராபாத்.

2024 மே 8 இரவு அந்த மட்ச்சை நான் ஜெட்டியில இருந்துதான் பார்த்தன், முன்னம் பூநகரிக்கு வள்ளம் போன அதே இடத்தில. ஒரு போன், ஏழு தலை. எனக்குப் பக்கத்தில என்ர சிநேகிதன் இருந்தான். அவனும் லெக் ஸ்பின்னர். வியாஸ்காந்த் நாலு ஓவர் போட்டு 27 ஓட்டம் குடுத்தான், விக்கெட் விழேல்லை. பிறகு ஹெட்டும் அபிஷேக்கும் 166 எண்ட இலக்கை பத்து ஓவருக்குள்ள அடிச்சு முடிச்சதில அவனை எல்லாரும் மறந்துபோச்சினம். சிநேகிதன் மட்டும் சொன்னான்: "லெந்த் நல்லாயிருக்கு மச்சான். பயப்பிடேல்லை."

அவனைப் பற்றித்தான் எழுத நினைச்சன்.

எங்கட பள்ளிக்கூட அணியில ரெண்டு வருசம் அவன்தான் பிரதான பந்துவீச்சாளன். நான் ஸ்கோர் எழுதினவன், ஆடத் தெரியாது. அவன்ர பந்து மற்றிங்கில விழுந்து எழும்புற சத்தம் எனக்கு இப்பவும் காதில நிக்குது. நடுவில கொரோனா வந்து ஒரு சீசனை விழுங்கிப்போட்டுது. மிச்ச சீசனில வெளிமாவட்ட மட்ச்சுக்குப் போக பஸ் காசு சேர்க்கிறதே பெரிய பாடு. ஏலெவல் வகுப்பில ஒரு ஆசிரியர், "பந்து எறிஞ்சு சோறு தின்ன ஏலுமோ?" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டார். அவன் சிரிச்சுக்கொண்டு இருந்திட்டான்.

இலங்கையில மேல போற வழி அநேகமா கொழும்புக் கழகங்களுக்குள்ளாலதான் போகுது. முரளிதரன் ஆடின தமிழ் யூனியன்கூட கொழும்பிலதான் இருக்கு. இவனும் ஒரு கழகத்தின்ர தெரிவுக்கு இரவு பஸ்ஸில போனான். விடியப்புறம் இறங்கி, கடையொண்டின்ர பாத்ரூமில முகம் கழுவி, எட்டு மணிக்கு வரிசையில நிண்டான். பின்னேரம் மூண்டு மணிக்கு அவன்ர முறை வந்தது. ஆறு பந்து. சிங்களத்தில ஏதோ சொன்னாங்களாம், இவனுக்கு விளங்கேல்லை. நன்றி சொல்லிப்போட்டு இரவு பஸ்ஸில திரும்பி வந்தான். ஏலெவல் றிசல்ட்டும் சரிவரேல்லை. இப்ப தகப்பனோட நண்டு வலைக்குப் போறான்.

கடலுக்குப் போறது தாழ்வெண்டு நான் சொல்லேல்லை, அவன் உழைக்கிறதில பாதிகூட நான் உழைக்கிறதில்லை. எனக்கு எரிச்சல் வாறது மாமாவின்ர பதிலிலதான். ஒருத்தன் மேல போனதைச் சொன்ன உடன மற்றப் பெடியளைப் பற்றின கேள்வி அடைபட்டுப் போகுது. வியாஸ்காந்த் எவ்வளவு பாடுபட்டிருப்பான் எண்டு அறிய விரும்புறவையும் குறைவு, அவனோட சேர்ந்து ஆடின பத்துப்பேர் இப்ப எங்க எண்டு கேக்கிறவையும் குறைவு. மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்ரெம்பரில அடிக்கல் நாட்டினவை. சந்தோசம். ஆனா ஆறு பந்துக்கு மேல போட்டுக் காட்ட ஒரு இடம், அதைத் தமிழில விளங்கப்படுத்த ஒரு ஆள், அணியில ஆடினதுக்காக ஒரு படிப்போ வேலையோ, அதுகளுக்கு ஆர் கல் வைக்கிறது?

தம்பி திரும்பிப் போறதுக்கு முதல் நாள் பின்னேரம் அவனை ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனன். சிநேகிதன் வலையில சிக்கெடுத்துக்கொண்டு இருந்தான். தம்பி தன்ர முட்டைப் பந்தை அவனிட்ட எறிய, அவன் கையைச் சாரத்தில துடைச்சுப்போட்டு, விரலை எங்க வைக்கிறதெண்டு கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ரெண்டு அடி வைச்சு மணிக்கட்டைத் திருப்பி விட்டான். பந்து சீமெந்தில குத்தி, ஒருத்தரும் நினையாத பக்கமா வெட்டிக்கொண்டு போய்த் தண்ணிக்குள்ள விழுந்தது.

தம்பி தலையில கையை வைச்சுக்கொண்டு, "என்ன செய்தனீங்கள் அண்ணா?" எண்டான்.

"எடுத்துத் தாரும்," எண்டான் சிநேகிதன். "இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்."