வைரத்துக்கும் சிப்புக்கும் நடுவே

கூட்டு ஆய்வுக்கு நிதி கேட்டு முன்மொழிவு எழுத உட்காரும்போது அறிமுகத்தையோ குறிக்கோள்களையோ நான் முதலில் எழுதுவதில்லை. ஒரு அட்டவணை போடுகிறேன். யார், யாருக்கு, எந்தப் பொருளை, எந்த நிலையில், எந்த மாதத்தில் தரப்போகிறார்கள் என்பதுதான் அதில் இருக்கும். அது நிரம்பும்வரை மற்றப் பக்கங்களைத் தொடுவதில்லை. என் வேலை குவாண்டம் உணரிகள். அதிலும் வைரத்தை வைத்துக் காந்தப்புலத்தைப் படம் பிடிப்பது. இதில் ஒரே ஆய்வகம் தனியாக முடிக்கக்கூடிய காரியம் கொஞ்சம்தான். வைரம் ஓரிடத்திலிருந்து வர வேண்டும். மைக்ரோவேவ் ஆன்டெனாவை இன்னொரு இடத்தில் செய்வார்கள். கேமரா தரும் எண்களைப் படமாக மாற்றும் நிரலை வேறொருவர் எழுதுவார். படம் பிடிக்க வேண்டிய பொருளோ இவர்கள் யாரிடமும் இருக்காது. கூட்டு ஆய்வுக்கான பணம் இந்தக் கைமாறுதல்கள் ஒழுங்காக நடப்பதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்மொழிவு எழுதுவதில் திறமை என்று ஒன்று இருந்தால் அது முழுக்க இங்கேதான் இருக்கிறது.

வைரம் கார்பன் அணுக்களின் அடுக்கு. அதில் ஒரு கார்பனின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதற்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால் அதை என்.வி. மையம் என்கிறோம். பச்சை லேசரைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். கூடவே 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்த ஒளி சற்றே மங்கும். அருகில் காந்தப்புலம் இருந்தால் மங்கும் அதிர்வெண் இரண்டாகப் பிரிந்து, மில்லிடெஸ்லாவுக்கு 28 மெகாஹெர்ட்ஸ் வீதம் இரு பக்கமும் விலகும். இந்த விலகலைக் கேமராவின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்தால் காந்தப்புலத்தின் வரைபடமே கிடைத்துவிடுகிறது. திரவ ஹீலியம் வேண்டாம், வெற்றிட அறை வேண்டாம். அறை வெப்பநிலையில், மேசை மேலேயே நடக்கிறது. தனியொரு என்.வி. மையத்தை முதன்முதலில் கண்டறிந்த ஆய்வு 1997இல் வந்தது. அதைக் காந்த உணரியாக்க முடியும் என்று சோதனையில் காட்டிய கட்டுரைகள் 2008இல் நேச்சர் இதழில் வெளியாயின. அன்றிலிருந்து இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஓய்வில்லை.

எங்களைப் போன்றவர்கள் நிதி கேட்கும் பயன்பாடுகளில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சிப்புக்குள் மின்னோட்டம் எந்தப் பாதையில் போகிறது என்று பார்ப்பது. கணக்கு எளியது. ஒரு மில்லிஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 10 மைக்ரான் தூரத்தில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா இருக்கும். அது அரை மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விலகலைத் தரும், நன்றாகவே அளக்கலாம். அதே கம்பியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் புலம் நூறில் ஒரு பங்காகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, படம் கலங்கிப்போவது. உணரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைவான நுணுக்கம் எதுவும் தெரியாது. லேசரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே வைரத்துக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் திட்டத்தின் தலைவிதி. அந்த இடைவெளி எங்கள் ஆய்வகத்துக்கும் சொந்தமில்லை, சிப் செய்பவர்களின் ஆய்வகத்துக்கும் சொந்தமில்லை.

முன்மொழிவு எழுதும் கட்டத்தில் சிப் வடிவமைக்கும் பேராசிரியை ஒருவரோடு தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறது.

“சிப்பை நாங்க தந்துடுறோம் சார், அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

“உறையோடயா, உறை எடுத்தா மேடம்?”

“உறையோடதான். எடுக்கிற வேலை உங்க பக்கம்னு நெனச்சேன்.”

“எங்ககிட்ட நைட்ரிக் ஆசிட் வேலைக்கு ஏத்த ஹூட் இல்ல. சரி, எடுத்துட்டோம்னு வைங்க, பாண்ட் ஒயர் எவ்வளவு உயரம் நிக்கும்?”

“நூத்தம்பது மைக்ரான் இருக்கும்.”

“அப்ப வைரம் அந்தக் கம்பி மேலதான் உட்காரும். நமக்குப் பத்துக்குள்ள வரணும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “பேடுகளுக்கு நடுவுல எவ்வளவு இடம் காலியா இருக்குன்னு லேஅவுட்டைப் பாத்துச் சொல்றேன் சார்” என்றார்.

அவர் அளவைச் சொன்ன பிறகுதான் வாங்க வேண்டிய வைரத்தின் அளவு தெரிந்தது. வைரத்தின் அளவு தெரிந்த பிறகு ஆன்டெனாவின் வடிவம் மாறியது. கறுப்பு பிளாஸ்டிக் உறையை அமிலத்தால் கரைத்தெடுக்க, அதற்கான வசதி இருக்கும் வேதியியல் ஆய்வகம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்தோம். அவர்களுக்கு ஒரு சிறு தொகை, ஒரு மாணவர் போய்வரப் பயணச் செலவு, உடைந்துபோகக்கூடிய சிப்புகளுக்காகக் கூடுதல் எண்ணிக்கை என்று பட்ஜெட்டில் சில வரிகள் புதிதாக ஏறின. இந்தத் தொலைபேசிப் பேச்சு நடக்காமலே அந்த முன்மொழிவு போயிருக்கலாம், நிதியும் கிடைத்திருக்கலாம். ஆனால் இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு உறை போட்ட சிப்பையும் ஒரு பெரிய வைரத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றிருப்போம்.

மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்து பிறர் எழுதியதைப் படிக்கும்போதும் என் கண் இந்த இடங்களைத்தான் தேடுகிறது. ஐந்து நிறுவனங்கள் சேர்ந்த திட்டம் என்று போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் தனித்தனியே ஒரு பச்சை லேசர், ஒரு ஆப்டிகல் டேபிள், ஒரு மைக்ரோவேவ் ஜெனரேட்டர் கேட்டிருப்பார்கள். ஒருவர் செய்யும் பொருள் இன்னொருவரின் வேலைக்குள் போகும் வரி ஒன்றுகூட இருக்காது. தனித்தனித் திட்டங்களைச் சேர்த்துத் தைத்த கட்டு அது. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் நல்ல ஆய்வாகவே இருக்கும், அதனால் அதைத் தள்ளவும் மனம் வராது. இருந்தாலும் நான் தள்ளச் சொல்வேன், அல்லது பிரித்துத் தனி ஆய்வாளர் திட்டங்களாக அனுப்பச் சொல்வேன். கூட்டு என்ற பெயரில் அதற்குத் தரும் பணம், உண்மையாகவே ஒருவரையொருவர் சார்ந்து நிற்கும் குழுவுக்குப் போக வேண்டிய பணம்.

உணர்திறன் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை நானோடெஸ்லா, ரூட் ஹெர்ட்ஸுக்கு என்று ஒரு எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது எங்கள் துறையின் வழக்கம். உலகின் சிறந்த ஆய்வகம் எட்டிய எண்ணை எடுத்து, அதைத் தாண்டுவோம் என்று எழுதுவது சுலபம். ஆனால் படம் பிடிக்கும் வேலைக்கு அந்த எண் மட்டும் போதாது. எவ்வளவு பரப்பு, எவ்வளவு தூரம், ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பயனாளிக்கு அர்த்தம் உண்டு. இன்று எங்கள் கருவி தருவது இது, திட்டம் முடியும்போது தரப்போவது இது, இரண்டுக்கும் நடுவே மாறப்போவது இந்தப் பாகம் என்று மூன்றையும் எழுதுகிறேன். குழுவின் முன் நிற்கும்போது “இந்தக் கருவியை வெளியிலிருந்து வாங்கிவிடலாமே?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான கேள்வி. வைர நுண்ணோக்கிகள் இன்று விற்பனைக்கே வந்துவிட்டன. அதற்கு என் பதில், நம் சிப்புக்கும் நம் ஆய்வுக் கேள்விக்கும் ஏற்ற வைரமும் அதைப் பொருத்தும் முறையும் கடையில் இல்லை என்பது. அது உண்மையாக இல்லாத திட்டத்தில் வாங்குவதுதான் சரி என்றே சொல்லியிருக்கிறேன்.

இப்போது நாட்டில் இந்தத் துறைக்குப் பணம் வருகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் நான்கு மையங்கள் அறிவிக்கப்பட்டன: கணினி பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.க்கு, தகவல் தொடர்பு சென்னை ஐ.ஐ.டி.க்கு, உணரியும் அளவீடும் மும்பை ஐ.ஐ.டி.க்கு, பொருட்களும் சாதனங்களும் தில்லி ஐ.ஐ.டி.க்கு. ஒரு நடுமையம், அதைச் சுற்றி ஆய்வுக் குழுக்கள் என்ற அமைப்பு நல்லது. பணம் ஒரே இடத்திலிருந்து போவதால் இரண்டு குழுக்களுக்கு நடுவே நிற்கும் வேலைக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது அந்தக் குழுக்களின் கையில் இருக்கிறது.

எழுதும்போது மிகவும் கவனமாக இருக்கும் இடம் பட்ஜெட் வெட்டு. கேட்ட தொகை அப்படியே வருவது அரிது. ஒரு குழு கூடி, எல்லாத் தலைப்பிலும் சமமாகக் குறைத்துவிடும். தனி ஆய்வகத்துக்கு அது வலிக்கும், அவ்வளவுதான். கூட்டுத் திட்டத்தை அது உடைத்துவிடும். எல்லோருக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒவ்வொருவரும் தங்கள் லேசரைக் காப்பாற்றிக்கொண்டு, போக்குவரத்தையும் மாதிரி தயாரிப்பையும் பொதுவாக வைத்த ஆளையும் கைவிடுவார்கள். அதனால் பணம் குறைந்தால் எந்த வேலை முழுதாக விழும், எது ஒரு பைசாவும் குறையாமல் நிற்க வேண்டும் என்று முன்மொழிவிலேயே எழுதிவைக்கிறேன். உயிரியல் மாதிரிகளைப் படம் பிடிக்கும் பகுதியை எடுத்துவிடலாம், சிப் பகுதியில் உறை நீக்கும் வேலையை எடுக்கக் கூடாது என்கிற மாதிரி. இப்படி எழுதினால் பலவீனமாகத் தெரியும் என்று கூட்டாளிகள் தயங்குவார்கள். குழுக்களில் இருக்கும் நல்லவர்கள் இதை மதிக்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

வரியும் விதியும் மாறுவது நம் கையில் இல்லை. பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் ஆனது. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு 13 லட்சம் கூடுதல். அன்றைய கணக்கில் அது ஒரு ஆய்வு மாணவரின் ஏறக்குறைய மூன்றாண்டு உதவித்தொகை. பழைய விகிதத்தில் ஒப்புதல் வாங்கியவர்கள் ஆளைக் குறைத்துக் கருவியை வாங்கினார்கள், அல்லது கருவியைக் குறைத்தார்கள். 2025 ஜூனில் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, அரசின் கொள்முதல் இணையதளமான ஜெம்முக்கு வெளியே அறிவியல் கருவி வாங்கும் அதிகாரம் இயக்குநர்களுக்கு வந்தது. லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் காத்திருந்து வாரங்களை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

யூ.சி. எனப்படும் செலவுச் சான்று விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமை நிறுவனம் வழியாகப் பணம் வரும் திட்டத்தில் ஒரு கூட்டாளியின் செலவுச் சான்று தாமதமானாலும் அடுத்த தவணை எல்லோருக்கும் நின்றுவிடும். பணத்துக்காகக் காத்திருப்பது ஆராய்ச்சி மாணவர், ஆசிரியர் அல்ல. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலும் யார் கையெழுத்துப் போடுவார் என்பதைத் திட்டம் தொடங்கும் மாதத்திலேயே தெரிந்துகொண்டு, மார்ச் வருவதற்கு முன்பே அவரோடு பேசிவைக்கிறேன்.

பிரிட்டனில் நடந்ததை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். 2014இல் அங்கே 12 கோடி பவுண்டு நிதியில் நான்கு குவாண்டம் மையங்களைத் தொடங்கினார்கள். உணரிகளுக்குப் பர்மிங்காம், படம் பிடிப்பதற்குக் கிளாஸ்கோ. பின்னால் வரப்போகும் கூட்டாளிகளுக்காக ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. முதல் நாளில் எல்லாக் கூட்டாளிகளையும் யாராலும் ஊகிக்க முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு அதுவே அடையாளம். பர்மிங்காம் குழு 2022இல், நிலத்துக்கு அடியில் இருந்த இரண்டு மீட்டர் சுரங்கப் பாதை ஒன்றைக் குளிர்ந்த அணுக்களைக் கொண்ட ஈர்ப்பு உணரியால் வெளியிடத்திலேயே கண்டுபிடித்ததாக நேச்சரில் வெளியிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணுத் தொகுதிகளை ஒரே நேரத்தில் விழவிட்டு வித்தியாசத்தை மட்டும் அளப்பதால், தரை அதிர்வு இரண்டிலும் ஒன்றாகவே பட்டுக் கழிந்துவிடுகிறது.  சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டிய சிவில் பொறியாளர்கள் அந்தக் குழுவில் இயற்பியலாளர்களோடு இருந்தார்கள். நிதி தொடங்கியதிலிருந்து அந்த முடிவுவரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். மூன்றாண்டுத் திட்டத்தில் அது கிடைத்திருக்காது.

நம்மிடம் இல்லாதது அறிவோ கருவியோ அல்ல என்று இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நினைக்கிறேன். நடுவில் நிற்கும் ஆளை நாம் வைத்துக்கொள்வதில்லை. மூன்று ஆய்வகங்களின் கருவியும் தெரிந்த பொறியாளர் ஒருவர் திட்டத்தோடு வருவார், திட்டம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்து போய்விடுவார். வைரத்தைச் சிப்பின் மேல் சாய்வில்லாமல் அமர்த்தும் கைப்பக்குவம் அவரோடு போய்விடும். அடுத்த திட்டத்தில் இன்னொருவர் முதலிலிருந்து கற்றுக்கொள்வார்.

இதே குறை வைரம் வரும் இடத்திலும் இருக்கிறது. ஆய்வக வைரம் வளர்ப்பதில் சூரத் பெரிய இடம். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வக வைரத்துக்கென ஐந்து ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாயில் ஒரு மையமும் அறிவிக்கப்பட்டது. நகைக்கு வைரம் வளர்ப்பவர் வேகமாக வளர வேண்டும் என்று பார்ப்பார். வாயுவில் கொஞ்சம் நைட்ரஜன் கலந்தால் வேகம் கூடும். எங்களுக்கோ நைட்ரஜன் அடிப்பகுதியில் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவாகவும், மேலே சில மைக்ரான் அடுக்கில் மட்டும் சொன்ன அளவிலும் இருக்க வேண்டும். இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதம் இருக்கும் கார்பன்-13 அணுக்களையும் நீக்கினால் இன்னும் நல்லது. இப்படிப்பட்ட வைரத்தை வளர்ப்பவர் அது எப்படி வந்தது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. யாராவது அதைக் குவாண்டம் முறையில் அளந்து, அந்த வைரம் தன் நிலையை எத்தனை மைக்ரோ நொடி காத்தது என்று சில வாரங்களுக்குள் அவருக்குத் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த முறை வாயுக் கலவையை மாற்றுவார். அளக்கும் கருவி பல ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அளந்து, எழுதி, தவறாமல் திருப்பி அனுப்ப ஒரு ஆளும், அவருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளமும், கூரியர் செலவும் வேண்டும். எந்தப் பெரிய கருவியின் விலையோடும் ஒப்பிட முடியாத சிறு தொகை. அடுத்த அழைப்பு வரும்போது நான் நிதி கேட்கப்போவது இதற்குத்தான்.