கானகத்து உறவினரைக் காணச் சென்றது

பயணக் கட்டுரை எழுதப் புகுவோர் மலைவளமும் ஆற்றுவளமும் வருணித்தல் மரபு. அத்திறம் நம்மிடம் இல்லை. நாம் நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சிறு வயதில் சிங்கப்பூரில் மாமன் வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் பயின்றோம். தமிழை ஒழுங்காக எழுதப் பழகியது பின்னாளில், இத்தகைய ஏடுகளைப் படித்தே. ஆளெண்ணிக்கையும் குலை எடையும் எழுதிப் பழகிய கையால் இதனை எழுதுகின்றோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

கிம்மாஸ் நிலையத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று சிரம்பான் வழியே கோலாலம்பூர் செல்லும். மற்றொன்று பகாவு, மெந்தகாப், ஜெராண்டுட், கோலா லிப்பிஸ், குவா மூசாங் என்று நாட்டின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு வடக்கே கிளந்தானில் தும்பாட் வரை 526 கிலோமீட்டர் ஓடும். பின்னதைக் காட்டு இரயில் என்பது வழக்கம். முதற்பாதையில் நாம் எண்ணிறந்த முறை சென்றிருக்கின்றோம். இரண்டாம் பாதையில் ஒருமுறையேனும் சென்றதில்லை. அதற்குக் காரணம் காடு அன்று.

அப்பாதையில் நம் தமக்கையார் வாழ்கின்றார். 2012 ஆம் ஆண்டில் அவர், நம் வீட்டார் தாழ்ந்ததென்று எண்ணிய சாதியில் பிறந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகன் நம் தோட்டத்திலேயே இழுவை இயந்திரம் ஓட்டியவர். குடியும் சூதும் அறியாதவர். தந்தையார் கதவைச் சாத்தினார். அதே மாதத்தில் இளைஞர் மன்ற விழாவில் சாதியொழிப்பைக் குறித்து நாம் அரைமணி நேரம் பேசி, கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகப் பெற்றிருந்தோம். கதவு சாத்தப்பட்ட மாலையில் அக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வாய் திறக்கவில்லை. இருவரும் குவா மூசாங் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வேலை தேடிச் சென்றுவிட்டனர்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. 2023 இல் தந்தையார் காலமானார். செய்தித்தாளுக்கு நீத்தார் அறிவிப்பு எழுதும் பணி, எழுத்துவேலை அறிந்தவர் என்பதால் நம்மிடம் வந்தது. பெற்ற மக்கள் மூவர், அறிவிப்பில் இருவர். பெரியவர்கள் சொன்னார்கள், எழுதினோம் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். ஆயினும் எழுதியது நம் கைதானே?

நிற்க. கடந்த பள்ளி விடுமுறையின்போது புறப்பட்டோம். தாயாரிடம், 'குவா மூசாங் வரை போய்வருகின்றோம்' என்று மட்டும் கூறினோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. விடியற்காலையில் நம் பைக்கு அருகே எலுமிச்சை ஊறுகாய் நிறைந்த கண்ணாடிப் போத்தல் ஒன்று, பழைய செய்தித்தாள் சுற்றி, இருந்தது.

வண்டி சிறியது, இருப்பது ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்பதும், பெயரறியாச் சிறு நிலையங்களில் கூடையுடன் ஏறுவோர்க்குக் காத்திருப்பதுமாக அது சென்றது. அதிலும் ஒரு நன்மை உண்டு, விரைவில் போய்ச்சேர விரும்பாதவர்க்கு!

இப்பாதை 1910 இல் கிம்மாசிலிருந்து பகாவு வரை திறக்கப்பட்டு, 1931 இல்தான் கிளந்தான் பக்கத்துப் பாதையோடு இணைந்து முழுமையுற்றது. யப்பானியர் ஆட்சியில் இதன் பெரும்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர். தண்டவாளத்தை மட்டுமா கொண்டுசென்றனர்? மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றனர். காலராவிலும் பசியிலும் மாண்டோர் மிகப் பலர். நம் பாட்டனாரின் தமையன் அவருள் ஒருவர். அவர் சென்ற 1943 ஆம் ஆண்டைப் பாட்டனார் இறுதிவரை மறந்திலர். இங்கே பெயர்த்த இரும்பைப் போருக்குப் பின் மீண்டும் இட்டனர். 1950களின் முற்பகுதியில் வண்டி மறுபடி ஓடிற்று. பாட்டனாரின் தமையன் திரும்பவில்லை. அங்கே தண்டவாளத்துக் கட்டைகளைச் சுமந்தபோது யாரும் யாருடைய சாதியையும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எண்ணினோம். உடனே ஐயமும் வந்தது. ஒருகால் அங்கும் கேட்டிருப்பார்களோ?

கோலா லிப்பிசில் வண்டி மாறினோம். 1898 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் பகாங்கின் தலைநகராயிருந்த ஊர் அது. இன்று அமைதியாக இருக்கின்றது. அதற்கப்பால் மெராப்போவை நெருங்குகையில் சுண்ணாம்புக் கற்குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. காடு வரும், மறையும். நடுவே செம்பனை வரிசைகள் வரும். பெருங்கானகம் என்று நாம் அஞ்சியிருந்த இடத்தில் பெரும்பகுதி, அலுவலகச் சன்னலில் நாம் நாள்தோறும் காணும் அதே மரம்தான். இத்தனை ஆண்டுகள் தொலைவு என்று சொல்லிக்கொண்டது எதனை?

குவா மூசாங் நிலையத்தருகே பெரும் பாறைக்குன்று ஒன்று சுவர்போல் நிற்கின்றது. அதன் கீழே நம் அத்தான் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. நம் கைப்பையை வாங்கிக்கொண்டு, "வண்டி இன்று தாமதமில்லை, தம்பி" என்றார். 'அத்தான்' என்னும் சொல் நம் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாக வெளிவந்தது. அவர் அதனைக் கவனியாதவர்போல் முன்னே நடந்தார்.

செம்மண் சடக்கில் ஒரு மணி நேரம். வழியில் யானைக்கென இட்ட மின்வேலியைக் காட்டினார். இளங்கன்றுகளின் குருத்தை யானை பிடுங்கித் தின்றுவிடுமாம். சென்ற திங்கள் ஒரே இரவில் ஒரு வரிசை முழுதும் போயிற்றாம். தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் நான்கே. ஏனையோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். நான்கில் ஒன்று நம் பழைய தோட்டத்து நண்பர் குடும்பம். நம்மோடு பெரட்டுக் களத்தில் பந்தாடியவர். நம் தோட்டத்தில் ஒரு பகுதி வீட்டுமனையாக விற்கப்பட்டபோது வெளியேறியவர். அன்று மாலை அவர் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். அவர்களிற் பாதிப்பேர் எங்குளர் என்பது நமக்கும் தெரியவில்லை.

தமக்கையார் வாயிலில் நின்று, "பசியாறினாயா, தம்பி?" என்றார். அழவில்லை. போத்தலைக் கண்டதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மீண்டும் இறுக மூடிவைத்தார்.

இரவு உணவின்போது மருமகள், பத்து வயதுக் குழந்தை, கேட்டாள்: "மாமா, தாத்தா இறந்த செய்தித்தாள் எங்களிடம் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. அம்மா பெயர் ஏன் இல்லை?"

அத்தான் தட்டைப் பார்த்தார். தமக்கையார், "அச்சுப்பிழை, அம்மா" என்றார்.

அச்சொல்லைப் பற்றிக்கொண்டு தப்பியிருக்கலாம். அவ்வளவு பெரிய கதவை அவர் நமக்குத் திறந்துவிட்டிருந்தார். "அச்சுப்பிழையன்று. மாமா எழுதவில்லை. அச்சம்" என்றோம். குழந்தை எவரிடத்தில் அச்சம் என்று கேட்டாள். பெரியவர்களிடத்தில் என்றோம். "மாமாவே பெரியவர்தானே!" என்று சிரித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனாள்.

பிறகு நெடுநேரம் திண்ணையில் இருந்தோம். தந்தையார் இறுதியில் தம்மைக் கேட்டாரா என்று தமக்கையார் வினவினார். பொய் சொல்ல மனம் துணியவில்லை. பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்றோம். ஆனால் 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்து, கெமுபு இரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டு, குவா மூசாங்கும் கோலா கிராயும் நீரில் மூழ்கினவே, அந்நாள்களில் தந்தையார் மூன்று இரவும் வானொலியருகே உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தாலும் எழவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் மழைக்காலத்தில், 'வடக்கே எப்படி?' என்று எவரையேனும் கேட்பார் என்பதைச் சொன்னோம். வடக்கே அவருக்கு வேறு எவரும் இல்லை.

தமக்கையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சற்றுக் கழித்து, "ஒரு தந்தி அடித்திருக்கலாமே, தம்பி. தந்தி ஏது இக்காலத்தில், ஒரு தொலைபேசி" என்றார். தந்தையாரைச் சொன்னாரோ நம்மைச் சொன்னாரோ, தெரியவில்லை. விடை கூறவில்லை. இருவருக்கும் பொருந்துவதே.

மூன்று நாள் தங்கினோம். புறப்படும் காலையில், தந்தையாரின் நினைவுநாள் வரப்போவதைச் சொல்லி, வருமாறு அழைத்தோம். "நீ அழைத்தால் போதாது" என்றார். நியாயமே. பிறகு, "ஊறுகாய் தீர்ந்ததும் போத்தலைத் திருப்பித் தரவேண்டும் அல்லவா? நானே கொண்டுவரலாமா என்று அம்மாவைக் கேள்" என்றார்.

வீடு சேர்ந்தபோது இரவு. தாயார் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். கேட்டதைக் கேட்டவாறே சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. நம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்த வண்டி கிம்மாசுக்கு எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.