கொட்டேஷனில் எழுதாதவை

புக்கிட் பாஞ்சாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி முருகனுக்கு,

அக்கா எழுதுவது. நீ போட்டோ எடுத்து அனுப்பிய கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர், கூடவே மொட்டை மாடியில் ஒரு குட்டிக் காற்றாடி. பேனல் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒயர் என்ன தடிமன், எர்த் எத்தனை, டிசி பக்கம் என்ன சுவிட்ச் என்று ஒரு வரி கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "இதர சாமான்கள்" என்று ஒரே தொகை. பேனல் பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து வருஷம் கிடக்கும். தகராறு வருவதெல்லாம் அந்த "இதர"த்தில்தான்.

இங்கே சிங்கப்பூரில் என் பிழைப்பே கூரை ஏறுவதுதானே. 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் தலையில் பேனல் போட்டு, பகலில் மின்தூக்கியையும் தண்ணீர் பம்பையும் அதில் ஓட்டுகிறார்கள். மேலே நின்றால் எல்ஆர்டி ரயில் வளைந்து போவது தெரியும். 1999-இலிருந்து ஓடுகிற அந்த ரயிலுக்குப் பாதையோடு வரும் மின்சாரம் 600 வோல்ட் ஏசி. அதன் பக்கத்தில் போக எவனும் துணிய மாட்டான். அதே ஆள் கூரையில் பல நூறு வோல்ட் டிசி ஒயரைத் தாண்டிக் குதித்துப் போவான். பேனல் சத்தம் போடுவதில்லை பார்.

உன் ஆறு பேனலையும் வரிசையாகக் கோர்த்தால் 300 வோல்ட் வரை வரும். ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சைத் திறக்கும்போது கிளம்பும் பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். டிசிக்கு அந்தப் பூஜ்யமே இல்லை; பொறி இழுபட்டு வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே நிற்கும். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண எம்சிபியை டிசி பக்கம் மாட்ட விடாதே. டிசிக்கென்றே செய்த ஐசொலேட்டர்தான் வேண்டும். வெயில் இருக்கும்போது பேனல் கனெக்டரைக் கையால் பிடுங்கவும் கூடாது. இன்வெர்ட்டரை நிறுத்தி, ஐசொலேட்டரை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். இரண்டு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று சொருகினால் அன்றைக்கு ஓடும்; பிறகு தொடர்பு தளர்ந்து, சூடேறிக் கருகும். நான் கூரையில் முதலில் தேடிப் பார்ப்பதே அந்தக் கருகலைத்தான்.

அடுத்து, கரண்ட் போனாலும் வீட்டில் ஃபேன் ஓடும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம். ஓடாது. ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உன் வீட்டுக் கரண்ட் பாயும். கரண்ட் போன நேரத்திலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

நம் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசி. மத்தியானம் எல்லோரும் வேலைக்குப் போய், இழுப்பு குறைந்திருக்கும் நேரத்தில் நீ கரண்ட்டைத் தள்ளினால் வோல்ட்டேஜ் ஏறும். அளவு தாண்டியதும் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். நல்ல வெயிலில் சோலார் ஓடவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். இப்போதே சில நாள் மதியம் மீட்டர் வைத்து அளந்து பார். 250-ஐ ஒட்டி இருந்தால் ஈபி ஆபீசில் எழுதிக் கொடு. டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்ற முடியும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரைக்கும் தடித்த கேபிள் போடச் சொல். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதே.

சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சராசரி 160 நாளுக்கு மேல் இடி. அதனால் டிசி பக்கமும் ஏசி பக்கமும் சர்ஜ் தடுப்பு இல்லாத வேலையை நாங்கள் கைநீட்டி வாங்குவதே இல்லை. நமக்கு ஐப்பசி இடி போதாதா? இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி, பேனல் சட்டத்துக்குத் தனி. எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டுப் போகிறவனை உள்ளே விடாதே. இங்கே 2023 ஜூலையிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை தவணை கொடுத்தார்கள். அம்மா ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போடுகிறவள். இந்த வேலையோடு அதையும் மாட்டிவிடு.

இனி காற்றாடி. இங்கே அந்தப் பேச்சே எடுபடாது; காற்று சராசரி நொடிக்கு இரண்டு, இரண்டரை மீட்டர்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி முதல் புரட்டாசி வரை அடிப்பது வேறு ஜாதி. வேகம் மூன்று மடங்கானால் காற்றில் இருக்கும் சக்தி இருபத்தேழு மடங்கு. ஆகவே ஆசை நியாயம்தான், ஆனால் மொட்டை மாடி வேண்டாம். சுவரில் அதிர்வு இறங்கும். பக்கத்துத் தென்னைகள் காற்றைக் கலக்கிவிடும். ஐந்நூறு அடி தொலைவுக்குள் உள்ள எதையும்விட முப்பது அடி உயரமாகத் தனிக் கம்பம் வேண்டும்.

கொட்டேஷனில் காற்றாடியையும் பேனலின் சார்ஜ் கன்ட்ரோலரிலேயே சேர்ப்பதாக எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேட்டரி நிறைந்ததும் பேனலைக் கழற்றிவிட்டால் அது சும்மா இருக்கும். காற்றாடியைக் கழற்றிவிட்டால் பாரம் இல்லாமல் வெறிபிடித்துச் சுற்றும். வோல்ட்டேஜ் ஏறிக் கன்ட்ரோலர் வெந்துபோகும், இறக்கை உடைந்தாலும் உடையும். அதற்கென்று தனிக் கன்ட்ரோலரும், மிச்சக் கரண்ட்டைச் சூடாக்கித் தின்னும் டம்ப் லோடும், மூன்று ஒயரையும் ஒன்றாக்கி நிறுத்தும் பிரேக் சுவிட்சும் இருக்க வேண்டும். அந்தப் பிரேக்கையும் காற்று தணிந்திருக்கும்போதுதான் போட வேண்டும். பேட்டரி 12 வோல்ட் வேண்டாம், 48 வை. ஆயிரம் வாட்டுக்கு 12-இல் 83 ஆம்பியர், 48-இல் 21 ஆம்பியர். அதே ஒயரில் சூடாகி வீணாவது பதினாறில் ஒரு பங்காகும்.

மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அது சோலாருக்கு மட்டும், காற்றாடிக்குக் கிடையாது. இந்த வருஷம் பேனலை மட்டும் போடு என்பது என் யோசனை. கம்பத்தை அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம். அந்த ஆளிடம் ஒயரிங் படம் கேள். ஒயர் தடிமன், சுவிட்ச் ரேட்டிங் எல்லாம் எழுதித் தரட்டும். எனக்கு அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். மாமா பையன் தீபாவளிக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா